உட்சுவர் உதிரும்போது

இன்றைய பேச்சினை ஒரு கேள்வியோடு தொடங்க விரும்புகின்றேன். அக்கேள்வி என்னுடையதன்று. எங்கள் பாடசாலையிலே பல்லாண்டு காலம் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் மனைவியார் என்னிடம் கேட்டது.

அவ்வாசிரியர் ஐம்பது வயதைத் தாண்டாதவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை வழிபாடு முடிந்து மாணவர் வகுப்புகளுக்குச் சென்றுகொண்டிருந்த வேளையில், மார்பின் நடுவே பாரம் ஏற்றி வைத்தாற்போல் இருக்கின்றது என்று சொல்லிக் கதிரையில் அமர்ந்தார். வியர்வை பெருகிற்று. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். இதயத்தின் மின்வரைபை எடுத்தார்கள், குருதியைச் சோதித்தார்கள், சில மணி நேரம் கழித்து மீண்டும் ஒருமுறை சோதித்தார்கள். மாரடைப்பு ஏற்படவில்லை என்று தெரிந்தது. மறுபடியும் நோ வந்தால் தாமதியாது வரும்படி கூறி வீட்டுக்கு அனுப்பினார்கள். புதன்கிழமை ஓய்வெடுத்தார். வியாழக்கிழமை பாடசாலைக்கு வந்தார். அன்று மேல்மாடிப் படிகளில் ஏறும்போது நடுவில் நின்று, மார்பைக் கையால் தடவிக்கொண்டார். அதனை நான் கண்டேன். "வாய்வு, ஐயா, உள்ளி அவித்துக் குடித்தால் சரியாகிவிடும்" என்று சிரித்தார். சோதித்துத்தான் விட்டார்களே என்று நானும் பேசாதிருந்தேன். சனிக்கிழமை விடியற்காலை அவர் காலமானார்.

எட்டாம் நாள் கழிந்த பின்னர், அவருடைய மனைவியார் என்னிடம் கேட்டார்: "அதிபர் ஐயா, செவ்வாய்க்கிழமை ரத்தத்தில ஒண்டும் இல்லையெண்டு சொன்னவை. சனிக்கிழமை எப்பிடி ஐயா வந்தது?"

நான் வைத்தியன் அல்லேன்; கலைப்பட்டம் பெற்ற ஓர் ஆசிரியன். அவருக்கு அன்று விடை கூற என்னால் இயலவில்லை. அதன் பின்னர், இத்துறையில் அறிந்தோரைக் கேட்டும், நூல்களைப் படித்தும் நான் விளங்கிக்கொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில், குருதிக் குழாயின் உட்புறம் எத்தகையது என்பதைப் பார்ப்போம்.

நமது தோட்டங்களிலே கிணற்று நீர் பாயும் வாய்க்காலை எண்ணிப் பாருங்கள். கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய வாய்க்காலுக்குள்ளே, நீர் ஊறிப்போகாவண்ணம் சீமெந்தினால் மெல்லிய பூச்சு ஒன்று பூசுவார்கள். பூச்சு நன்றாக இருக்கும்வரை நீர் வழுக்கிக்கொண்டு ஓடும். பூச்சு வெடித்தால் அவ்விடத்தில் பாசி பிடிக்கும், சருகு தங்கும், நாளடைவில் வாய்க்கால் அடைபடும். நமது உடம்பிலுள்ள குருதிக் குழாய்களுக்கும் அத்தகைய உட்பூச்சு ஒன்று உண்டு. ஆனால் அது சீமெந்து அன்று. உயிருள்ள கலங்களால் ஆயது. ஓடுகளைப் பரப்பினாற்போலத் தட்டையான கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ஓர் அடுக்காகப் படிந்து கிடக்கின்றன. இவ்வடுக்கினை அகவணி என்றும், இக்கலங்களை அகவணிக் கலங்கள் என்றும் கூறுவர். பெருவிரல் பருமனுள்ள பெருநாடி தொடக்கம், செங்குழியம் ஒன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு செல்லும் மயிர்த்துளைக் குழாய் வரையில், இவ்வடுக்கு இல்லாத குருதிக் குழாய் உடம்பில் இல்லை.

குருதி உடம்பெங்கும் சுற்றி வருகின்றது என்பதை இங்கிலாந்தின் வில்லியம் ஹாவி 1628இல் தமது நூலில் நிறுவினார். ஆனால் நாடியிலிருந்து நாளத்துக்குக் குருதி எவ்வழியே செல்கின்றது என்பதை அவரால் காணமுடியவில்லை. அவர் காலமான பின்னர், 1661இல், இத்தாலியரான மல்பீகி தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியிற் பார்த்து மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டார். குழாயின் உட்படைக்கு அகவணி என்னும் பொருள்படும் பெயரை இட்டவர் வில்லெம் ஹிஸ் என்னும் உடற்கூற்றியல் அறிஞர், ஆண்டு 1865. பெயர் இட்ட பின்னரும் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அதனைப் பலர் பெரிதாக மதித்தாரல்லர். குழாய்க்குள் ஒட்டிய கடதாசி போன்றதொரு போர்வை என்றே பொதுவாகக் கருதினர்.

அக்கருத்தினை மாற்றிய நிகழ்ச்சி ஒன்றை உங்களுக்குச் சொல்லவேண்டும். அமெரிக்காவில், நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியிலே றொபேட் பேர்ச்கொட் என்னும் மருந்தியல் பேராசிரியர் இருந்தார். அவர் முயலின் பெருநாடியிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அசற்றைல் கோலின் என்னும் பொருளை உயிருள்ள விலங்கின் உடலிற் செலுத்தினால் குருதிக் குழாய்கள் விரிகின்றன. அதே பொருளைத் தமது நாடித் துண்டின்மேல் விட்டாலோ அத்துண்டு சுருங்கிற்று. இது நெடுங்காலம் விளங்காத புதிராகவே இருந்தது. 1978இல் ஒரு நாள், துண்டினை வேறொரு வகையில் ஆயத்தம் செய்தபோது அது சுருங்காது விரிந்தது. காரணம் என்னவென்று துருவியபோது உண்மை வெளிப்பட்டது. முன்னர் நாடியை வெட்டிக் கையாளும்போது அதன் உட்புறம் உராய்ந்து, அகவணி அழிந்துபோயிருந்தது. அகவணி இருந்தால் நாடி விரிகின்றது. அகவணி போனால் சுருங்குகின்றது. அகவணி நீங்கிய துண்டொன்றை, அகவணி உள்ள துண்டொன்றோடு முகத்துக்கு முகம் சேர்த்து வைத்தபோது, முன்னதும் விரிந்தது. எனவே, அக்கலங்களிலிருந்து ஏதோ ஒரு பொருள் சுரந்து பக்கத்திலுள்ள தசைக்குச் செல்கின்றது என்பது தெளிவாயிற்று. 1980இல் இதனை அவர் உலகுக்கு அறிவித்தார். அப்பொருள் நைத்திரிக்கு ஒட்சைட்டு என்னும் வாயுவே என்பது பின்னர் நிறுவப்பட்டது. 1998ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு பேர்ச்கொட்டுக்கும், இக்னாறோ, முராட் என்னும் இருவருக்கும் இதன்பொருட்டு வழங்கப்பட்டது.

இதற்குச் சற்று முன்னரே, 1976இல், இங்கிலாந்தில் ஜோன் வேன், மொன்காடா முதலியோர் குருதிக் குழாயின் சுவர் இன்னொரு பொருளையும் ஆக்குகின்றது என்று கண்டிருந்தனர். குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தடுப்பது அது. அகவணியே அதனைப் பெரிதும் சுரக்கின்றது.

ஆகவே, நேயர்களே, அகவணி வெறும் பூச்சு அன்று. குழாயை வேண்டிய அளவு விரிப்பதும், குருதி உறையாமல் ஓட விடுவதும், எதனை உள்ளே விடலாம் எதனை விடலாகாது என்று பார்ப்பதும் அதன் வேலைகள். வீட்டு வாயிற்காவலாளனும், வாய்க்காலுக்கு மடை திறப்பவனும் ஒருவனே என்றால் எப்படியோ, அப்படி.

இனி, மாரடைப்பு எவ்வாறு வருகின்றது என்பதைப் பார்ப்போம்.

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் முறை துடிக்கின்றது. உடம்பு முழுவதற்கும் குருதியை இறைக்கும் இதயம் தன் தசைக்கு வேண்டிய குருதியைத் தன் அறைகளிலிருந்து நேரே எடுத்துக்கொள்வதில்லை. பெருநாடி தொடங்கும் இடத்திலேயே பிரிகின்ற முடியுரு நாடிகள் இரண்டே அதற்கு உணவும் ஒட்சிசனும் கொண்டு செல்கின்றன. அவற்றின் உள்விட்டம் 3 அல்லது 4 மில்லிமீற்றர் அளவினதே. புகையிலையும், உயர்ந்த குருதி அமுக்கமும், நீரிழிவும், குருதியிலுள்ள மிகுந்த கொழுப்பும் இந்நாடிகளின் அகவணியை ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கின்றன. நொந்த அகவணியின் கீழே கொழுப்புப் படிகின்றது. அதனைத் தின்று அகற்ற வந்த வெண்குழியங்களும் அங்கேயே மடிந்து குவிகின்றன. குவியலின்மேல் நார்போன்ற மூடி ஒன்று வளர்கின்றது. இவ்வாறு சுவருக்குள்ளே ஒரு புடைப்பு உண்டாகின்றது. ஒருநாள் அம்மூடி கிழிகின்றது. அல்லது அதன் மேலுள்ள அகவணி தேய்ந்து உரிகின்றது. உள்ளே இருந்ததைக் குருதி தீண்டியவுடன் சிறுதட்டுகள் ஓடிவந்து ஒட்டுகின்றன, குருதி உறைகின்றது, நாடி அடைபடுகின்றது. அதற்கு அப்பால் உள்ள இதயத் தசை ஒட்சிசன் இன்றி மடியத் தொடங்குகின்றது. இதுவே மாரடைப்பு. முடியுரு நாடியில் குருதி உறைவதன் விளைவுகளை, நோயாளர் உயிரோடிருக்கும்போதே இனங்காணலாம் என்று சிக்காகோ நகரத்து வைத்தியர் ஜேம்ஸ் ஹெறிக் 1912இல் எடுத்துரைத்தார். அன்று அதனைக் கேட்டவர் சிலரே.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மூடி கிழிவதும் நாடி முற்றாக அடைபடுவதும் எப்போதும் ஒரே நாழிகையில் நடப்பனவல்ல. ஒல்லாந்து தேசத்தின் அம்ஸ்ரடாம் நகரிலே ஆய்வாளர் சிலர் ஓர் ஆராய்ச்சி செய்தனர். மாரடைப்பு வந்து 6 மணி நேரத்துக்குள் கொண்டுவரப்பட்ட 211 நோயாளரின் முடியுரு நாடிகளிலிருந்து உறைந்த குருதியை உறிஞ்சி எடுத்து, நுணுக்குக்காட்டியிற் பார்த்தனர். 2005இல் அதன் முடிவு வெளிவந்தது. ஏறத்தாழப் பாதிப்பேரிடம் எடுத்த கட்டி அன்று உறைந்ததன்று. நாட்கணக்கில், சிலரிடம் வாரக்கணக்கில், பழையது. அதாவது, நோயாளர் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுவதற்குச் சில நாள் முன்னரே உள்ளே சுவர் கிழிந்திருக்கின்றது, சிறிது உறைந்திருக்கின்றது, நின்றிருக்கின்றது, மீண்டும் உறைந்திருக்கின்றது.

செவ்வாய்க்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் இடையே என்ன நடந்தது என்று கேட்டாரே அந்த அம்மையார், அவருடைய கேள்வியின் வாயில் இங்கேதான் திறக்கின்றது.

அப்படியாயின் செவ்வாய்க்கிழமை எடுத்த சோதனைகள் பொய்யோ? அல்ல. அவை தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மெய்யான விடையே தந்தன. இதய மின்வரைபு, இதயத் தசையில் ஓடும் மின்னலையின் மாற்றத்தைக் காட்டுவது. ஒல்லாந்தரான ஐந்தோவன் இதற்கான கருவியை ஆக்கி, 1924இல் நோபெல் பரிசு பெற்றார். குருதியிலே பார்ப்பது துரொப்போனின் என்னும் புரதம். இதயத் தசைக் கலங்கள் சேதமுறும்போது அவற்றுக்குள் இருந்த இப்புரதம் குருதியிற் கசிகின்றது. சில மணி நேரத்துள் அதனை அளந்தறியலாம். இவை இரண்டும் தசையின் நிலையையே கேட்கின்றன. தசைக்குக் கேடு நேர்ந்ததா என்பதே கேள்வி. வாய்க்காலின் பூச்சு வெடித்திருக்கின்றதா என்பதை இவை கேட்பதில்லை. கடைக்கோடியிலுள்ள பாத்தியிலே பயிர் வாடியதா என்று பார்ப்பவன், வாடாத வரைக்கும் வாய்க்கால் நன்று என்றே சொல்வான்.

பூச்சு வெடித்ததை அறிய வேறு வழி உண்டா? தோட்டக்காரரைக் கேட்டால் சொல்வார். பாத்திக்கு வரும் நீரை ஒரு வாளியிற் பிடித்துப் பார்த்தால், அதனுள் சீமெந்துச் செதில்கள் மிதந்தும் படிந்தும் இருக்கும். செதில் வந்தால் மேலே எங்கோ பூச்சு உதிர்கின்றது. குருதியிலும் அவ்வாறே செய்யலாமா என்று சிலர் எண்ணினர்.

1978இல், பிராக் நகரத்தைச் சேர்ந்த ஹ்லாடோவெக்கும் அவர்தம் உடனுழைப்பாளரும், மாரடைப்பு நோயாளரின் குருதியில் அகவணிக் கலங்கள் உதிர்ந்து மிதப்பதை எடுத்துக் கூறினர். ஆனால், அக்காலத்தில் கலத்தின் தோற்றத்தைப் பார்த்தே இஃது இன்ன கலம் என்று சொல்லவேண்டியிருந்தது. தோற்றம் ஒன்றையே நம்பலாமா என்னும் ஐயம் எழுவது இயல்பே.

இவ்வேலை எவ்வளவு கடினமானது என்பதைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். எங்கள் கணித ஆசிரியர் இருந்திருந்தால் இதனை விரும்பியிருப்பார். ஒரு மில்லிலீற்றர் குருதியிலே ஏறத்தாழ 500 கோடி செங்குழியங்கள் உள்ளன. வெண்குழியங்கள் பல இலட்சம். சுகதேகியின் குருதியில் அதே அளவிலே உதிர்ந்த அகவணிக் கலங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நோயாளரிடத்தும் அவை பல்லாயிரமாகப் பெருகிவிடுவதில்லை. 500 கோடி நெல்மணிகளுக்குள்ளே இருபது வரகுமணிகளைத் தேடி எடுப்பதற்கு ஒப்பானது இவ்வேலை.

இதற்கு வழி கண்டோர் பிரான்சு தேசத்தின் மார்செய் நகரத்து ஆய்வாளர்கள். அகவணிக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் பிறபொருளெதிரி ஒன்றை அவர்கள் ஆக்கினர். அதனைக் காந்தத்தால் இழுபடும் மிக நுண்ணிய மணிகளின்மேற் பூசினர். அம்மணிகளைக் குருதியோடு கலந்தால், அவை அகவணிக் கலங்களைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும். பின்னர் காந்தத்தை அருகே வைத்தால் மணியும் கலமும் ஒன்றாக ஒரு பக்கத்துக்கு வந்துவிடும். எஞ்சிய குருதியைக் கழுவி நீக்கி, வந்த கலங்களை எண்ணலாம். இம்முறையைக் கொண்டு அவர்கள் செய்த ஆராய்ச்சி 1999இல் வெளியாயிற்று. அதில் முதன்மையான செய்தி இது: மாரடைப்பு நோயாளரிடம் மட்டுமன்றி, நிலைதவறிய மார்புநோ உடையாரிடத்தும் இக்கலங்கள் மிகுந்து காணப்பட்டன. நடந்தால் வந்து, இருந்தால் நீங்கும் மாறாத மார்புநோ உடையாரிடத்தும், சுகதேகிகளிடத்தும் அவ்வாறு காணப்படவில்லை.

நிலைதவறிய மார்புநோ என்பது யாது? ஓய்வாக இருக்கும்போதும் வரும் நோ. நாளுக்கு நாள் கூடும் நோ. புதிதாக வந்த நோ. இதயத் தசை இன்னும் மடியவில்லை. ஆயினும் நாடிச் சுவரில் கலகம் தொடங்கிவிட்டது. அந்த நிலையிலே குருதியில் செதில்கள் மிதக்கின்றன என்பதே மார்செய் ஆய்வு தந்த செய்தி.

அடுத்து, 2012ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எறிக் டொப்போல் என்னும் இதயநோய் வைத்தியரும் அவருடைய குழுவினரும், மாரடைப்புடன் வந்த 50 நோயாளரின் குருதியையும், 44 சுகதேகிகளின் குருதியையும் ஒப்பிட்டனர். நோயாளரிடம் உதிர்ந்த கலங்கள் நான்கு மடங்குக்கு மேல் மிகுந்திருந்தன. எண்ணிக்கையிலும் வியப்பானது அவற்றின் உருவம். சுகதேகிகளின் குருதியில் வந்தவை சிறியவை. நோயாளரின் குருதியில் வந்தவையோ பருத்து, உருக்குலைந்து, சில ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களை உடையனவாய் இருந்தன. வாளியில் வந்த செதில்களின் அளவைப் பார்த்தே, இஃது இயல்பான தேய்மானமா, சுவர் பெயர்ந்து விழுந்ததா என்று தோட்டக்காரர் சொல்வதில்லையா? அது போன்றது இது.

2014இல் அதே ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பீற்றர் கூனும் அவர் குழுவினரும் இன்னொரு முறையைக் கையாண்டனர். புற்றுநோயாளரின் குருதியில் அலையும் புற்றுக் கலங்களைத் தேடுவதற்கென முன்னர் வகுத்த முறை அது. காந்தம் கொண்டு பொறுக்காமல், குருதியிலுள்ள கருவுடைய கலங்கள் யாவற்றையும் கண்ணாடித் தகடுகளிற் பரப்பி, நிறமூட்டிப் படம் பிடித்து, கணினியின் துணையோடு ஒவ்வொன்றாகப் பார்த்தனர். 79 மாரடைப்பு நோயாளரையும், 25 சுகதேகிகளையும், குருதிக் குழாய் நோய்க்குச் சிகிச்சை பெற்ற 7 பேரையும் ஒப்பிட்டு, மாரடைப்பு நோயாளரை மற்றையோரிடமிருந்து இக்கலங்களால் வேறுபடுத்த முடிகின்றது என்று கண்டனர்.

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் இச்சோதனையை எங்கே செய்விக்கலாம்?" என்று நேயர்கள் கேட்கக்கூடும். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். இஃது இன்றுவரை அன்றாட வைத்தியத்திற் புழங்கும் ஒரு சோதனையாக வரவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, மேற்கூறிய மாரடைப்பு நோயாளர் யாவரும் மாரடைப்பு வந்தபின் குருதி கொடுத்தவர்கள். அவர்களிடம் கலங்கள் மிகுந்திருந்தன என்பதால், வருவதற்கு முன்னரும் மிகுந்திருந்திருக்கும் என்று நாம் கருதலாம், கருதுவது நிறுவுவதாகாது. குருதியோட்டம் தடைப்பட்டதனாலேயே அகவணி நொந்து உதிரவும் கூடும். காரணம் எது, விளைவு எது என்று பிரித்தறிய வேண்டுமானால், எங்கள் ஆசிரியரைப் போல மார்புநோவோடு வந்து, மாரடைப்பு இல்லையென்று அறியப்பட்ட பலரிடம் குருதி எடுத்து வைத்து, பின்வரும் நாட்களில் அவர்களுள் யாருக்கு என்ன நேர்ந்தது என்று தொடர்ந்து பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, அகவணி உதிர்வது மாரடைப்பில் மட்டுமன்று. குருதிக் குழாய்களை அழற்றும் நோய்களிலும், அரிவாட்கலச் சோகையிலும், சில கடுந்தொற்றுகளிலும் அக்கலங்கள் குருதியில் மிகுகின்றன. செதில் வந்தால் பூச்சு உதிர்கின்றது என்று அறியலாம். எந்த வாய்க்காலில் என்று அச்செதில் சொல்வதில்லை.

மூன்றாவது, 500 கோடிக்குள் இருபதைத் தேடும் வேலையைப் பெரிய ஆய்வுகூடங்கள் செய்வது வேறு; நள்ளிரவில் நோயாளரைக் கட்டிலிற் கிடத்திவிட்டு, ஒரு மணி நேரத்துள் விடை கேட்கும் வைத்தியசாலை ஒன்று செய்வது வேறு.

ஆதலால், அந்த அம்மையாருக்கு நான் இன்று கூறக்கூடிய விடை இதுவே. "அம்மா, செவ்வாய்க்கிழமை உங்கள் கணவரின் குருதியிலே தசை சேதமுற்ற அடையாளம் இல்லை, அது மெய். ஆனால் சுவர் கிழிந்த அடையாளம் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு முடிந்த முடிபான வழி இன்னும் கைக்கு வரவில்லை. அறிஞர் அதனைத் தேடிக்கொண்டிருக்கின்றனர்." அவருடைய குருதியில் அன்று அக்கலங்கள் மிகுந்திருந்தன என்று நான் சொல்லமாட்டேன், அதனை இனி எவராலும் சொல்ல இயலாது.

ஆயினும், நேயர்களே, இவ்வாராய்ச்சியிலிருந்து நாம் இன்றே எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் ஒன்று உண்டு. நாடிச் சுவரின் கேடு ஒரு நொடியில் முடிகின்ற நிகழ்ச்சி அன்று. நாட்கணக்கில் கூடியும் குறைந்தும் செல்லக்கூடியது. ஆகவே, ஒரு நாள் எடுத்த சோதனை அந்த நாளுக்கே உரியது. செவ்வாய்க்கிழமை தந்த தாள் வியாழக்கிழமைக்குச் செல்லாது. இதனை நான் வியாழக்கிழமை காலையில் அறிந்திருந்தால், மாடிப்படியில் நின்ற அவரை மேலே ஏற விட்டிருக்க மாட்டேன்.

மார்பின் நடுவே இறுக்கமோ பாரமோ தோன்றினால், அது தோளுக்கோ, கைக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவினால், காரணமின்றி வியர்த்தால், மூச்சு முட்டினால், அதனை வாய்வு என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பெண்களுக்கும் நீரிழிவு உடையாருக்கும் நோ தெளிவாகத் தோன்றாமல், களைப்பாகவும் குமட்டலாகவும் மட்டும் வருவதுண்டு. ஒருமுறை சோதித்து ஒன்றும் இல்லையென்று அனுப்பியிருந்தாலும், அதே நோ திரும்ப வந்தால் திரும்பப் போகவேண்டும். "நேற்றுத்தானே போனோம், மறுபடியும் போனால் என்ன நினைப்பார்கள்" என்னும் கூச்சம் நம்மவரிடம் அதிகம். வைத்தியர்கள் அப்படி நினைப்பதில்லை. திரும்ப வரும்படி சொல்லி அனுப்புபவர்களே அவர்கள்தாம். 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால், கட்டணமின்றி நோயாளர் வண்டி வீட்டு வாசலுக்கு வரும் வசதி இன்று நம் நாட்டில் உண்டு. அவ்விலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் மனனம் செய்வித்து வையுங்கள்.

அகவணியைக் காப்பதற்கும் நம் கையில் உள்ளவை சில உண்டு. புகைத்தலை நிறுத்துதல், குருதி அமுக்கத்தையும் சீனியையும் கட்டுப்பாட்டில் வைத்தல், வைத்தியர் கொடுத்த குளிசைகளைச் சுகமாயிருக்கின்றது என்று இடையில் விட்டுவிடாதிருத்தல், நாள்தோறும் நடத்தல் ஆகியன. இவை நீங்கள் பலமுறை கேட்டவையே. ஆனால் இனி அவற்றைக் கேட்கும்போது, குழாய்களின் உள்ளே ஒரே ஓர் அடுக்காகப் பரந்து கிடக்கும் அம்மெல்லிய கலங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் பொருட்டே இவை சொல்லப்படுகின்றன.

எங்கள் பாடசாலையில் அந்த மாடிப்படி இன்றும் அப்படியே இருக்கின்றது. ஆசிரியர் எவரேனும் படியின் நடுவில் நின்று மூச்சு வாங்கினால், "என்ன சேர், சுகமில்லையோ?" என்று நான் கேட்கின்றேன். வாய்வு என்று விடை வந்தால், அன்று அவரை வகுப்புக்கு விடுவதில்லை.